நின்ற காரிடம் முதலில் கேட்க வேண்டியது

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையை மடக்கிப் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, எந்த நேரமும் நழுவிப் போக வசதியாகக் கதவோரத்தில் நிற்கும் கராஜ்காரத் தம்பிமாரே!  

வழமையாக இந்த மேடையில் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள், தேர்தல் வந்தால் எல்லாமே பேசுவார்கள். நான் இன்றைக்கு ஒரு காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 26 வருடம் அசையாமல் நின்ற ஒரு மொறிஸ் மைனர் கார். அது எப்படி ஓடியது என்பதுதான் என் தலைப்பு. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அது ஏன் நின்றது?

பழைய கார் ஒன்றைக் கண்டவுடன் நாங்கள் என்ன கேட்கிறோம்? "இது ஓடுமா?" என்று கேட்கிறோம். "என்ன விலை?" என்று கேட்கிறோம். "ஏன் நின்றது?" என்று யார் கேட்கிறார்கள்? பழுதாகி நின்றதா, ஆள் நிறுத்தி வைத்ததா? இரண்டும் ஒன்றல்ல. பழுதாகி நின்ற வண்டிக்குள் அந்தப் பழுது இன்னும் இருக்கும். நிறுத்தி வைத்த வண்டிக்குள் வைத்தவருடைய கைப்பக்குவம் இருக்கும். எது என்று தெரியாமல் ஸ்பானரைத் தூக்கினால், உள்ள பழுதோடு நாங்களும் இரண்டைச் சேர்த்துவிடுவோம்.

மன்னாரில் நின்ற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை வண்டி பழுதாகி நின்றது? 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. பெற்றோல் வரவில்லை. தலைமன்னார் ரயில் அந்த வருடம் நின்றதுதான், மறுபடி ஓடியது 2015 மார்ச்சில். தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் உடைந்தது, புதுப் பாலம் திறந்தது 2010 மார்ச்சில். பாதை நின்றது, எண்ணெய் நின்றது, ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். வண்டிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

நான் சொல்லும் கார் எருக்கலம்பிட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவருடையது. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. ஜூனில் பெற்றோல் முடிந்ததும் நான்கு பனங்குற்றிகளை வைத்துக் காரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். இரண்டு மாதத்தில் எண்ணெய் வரும் என்று நினைத்திருப்பார். ஒக்டோபரில் இந்தத் தீவின் முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். கையில் கொண்டுபோக முடிந்ததைக் கொண்டு படகில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். காரை யார் படகில் ஏற்றுவது? பக்கத்து வீட்டு ஆட்கள் ஓலைக் கொட்டிலுக்கு வருடா வருடம் ஓலை மாற்றினார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. அந்த அவ்வளவு இல்லாவிட்டால் இன்றைக்கு நான் பேச எதுவும் இருந்திருக்காது.

2016இல் அவருடைய மகன் என்னிடம் வந்தார். "சேர், வாப்பாவுடைய காரை ஒருக்கா வந்து பார்ப்பீங்களா? இரும்புக்காரர் விலை கேட்டிட்டார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. முதலில் செய்த மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லை, ஒடுங்கலாகத் தெரிந்தது. என்ன செய்தார்? காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது "இது சரி" என்றார். அந்த நான்கு அங்குலம் இன்றைக்கும் பொனற்றின் நடுவில் ஒரு பட்டையாக ஓடுகிறது. வெளியே போகும்போது கையால் தடவிப் பாருங்கள். 1971வரை 13 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். எங்கள் கார் 948 சிசி என்ஜின் உள்ளது, 1956க்கும் 1962க்கும் இடையில் வந்த வகை.

இலக்கத்தகட்டில் '1 ஸ்ரீ'. இதைக் கேட்டதும் மூத்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. அதற்கு முன் சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து சி.என்., ஈ.எல்., ஈ.வை. என்று இலக்கம் கொடுத்தார்கள். பிறகு சிங்கள ஸ்ரீ வந்தது. 1957இலும் 1958இலும் தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள், சிறைக்குப் போனார்கள். எங்கள் காரின் தகட்டைக் கழுவியபோது மூலையில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. தாரா, கறளா என்று மகன் கேட்டார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் தெரிந்துவிடும். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

எங்கள் மண்ணில் காருக்கு எதிரி யார்? மழையா? மன்னாரில் மழை எத்தனை நாள் பெய்கிறது! எங்கள் எதிரி காற்று. சோளகம் வீசினாலும் உப்பு, வாடை வீசினாலும் உப்பு. இரும்புக்குக் கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். உப்புச் சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. கொட்டிலின் சோளகப் பக்கத்தில் தட்டி சரிந்து கிடந்தது. காரின் இடது பக்கக் கதவடித் தகட்டை விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. வலது பக்கத்தைத் தட்டினேன். கணீர் என்றது. ஒரே கார், ஒரே கொட்டில், ஒரே 26 வருடம். ஒரு தட்டி இருந்த பக்கமும் இல்லாத பக்கமும் அப்படி வேறுபட்டன.

மொறிஸ் மைனருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. உடம்புதான் எலும்பு. கதவடித் தகடும், குறுக்குச் சட்டமும், பின் வில்லுத்தகடு பூட்டும் இடமும் உக்கினால் காரே மடங்கும். ஆகவே அங்கே பட்டி பூசி, பெயின்ற் அடித்து மினுக்கி விற்பவர்களை நான் மன்னிப்பதில்லை. உக்கிய தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும், புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு பக்கத்துக்கே மூன்று கிழமை போனது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டினோம், ஒட்டினோம், கண்ணில் பொறி விழுந்தது.

என்ஜின்தான் கதை. 26 வருடம் நின்ற என்ஜினை முதலில் என்ன செய்வோம்? பற்றரியைப் பூட்டி, சாவியைத் திருப்பி, "உறுமுதா பார்ப்பம்" என்போம். ஆசை யாரை விட்டது? ஆனால் உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருந்தால்? வால்வு ஒன்று திறந்தபடியே பிடித்திருந்தால்? ஸ்ராட்டர் மோட்டருக்கு அது தெரியுமா? அது இருக்கிற பலம் முழுவதையும் போட்டுச் சுற்றும், உள்ளே தள்ளுகோல் வளையும். கை அப்படிச் செய்யாது. இறுக்கம் கைக்குத் தெரியும். அதனால் முதல் கிழமை முழுவதும் கைதான், சாவி இல்லை.

பிளக்குகளைக் கழற்றப் போனேன். அப்போதுதான் அந்த வியாபாரியின் கையைக் கண்டேன். பிளக் வயர்கள் நான்கிலும் நூல் கட்டியிருந்தார். ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, கடைசியில் நான்கு. எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று மறக்காமல் இருக்க! இந்த என்ஜினில் தீப்பொறி 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் போகும். மாறிப் பூட்டினால் இருமும், ஓடாது. பிளக்கைக் கழற்றினால் நுனியில் பழைய ஒயில் பிசுபிசுத்தது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒயில் ஊற்றி மூடியிருக்கிறார். ரேடியேற்றரில் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார். பற்றரியைக் கழற்றியிருக்கிறார். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்திருக்கிறார்.

நான் மகனிடம் சொன்னேன்: "தம்பி, இது நின்ற கார் இல்லை. வைத்துவிட்டுப் போன கார்."

டீசலும் கியர் ஒயிலும் கலந்து பிளக் துவாரங்களில் விட்டோம். ஒரு நாள் விட்டோம், அசையவில்லை. இரண்டாம் நாள் விட்டோம், அசையவில்லை. மூன்றாம் நாள் மாலை ஹாண்டிலைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டியபோது ஒரு நெல்லளவு நகர்ந்தது. நெல்லளவு! அடுத்த நாள் கால் வட்டம். அதற்கு அடுத்த நாள் முழு வட்டம். பிறகு பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வு மேலே எழவில்லை. ஏன்? சைலன்சர் துணியை எலி இழுத்துக் கூடு கட்டியிருந்தது. அந்த வழியால் உப்புக் காற்று போய், திறந்திருந்த அந்த ஒரு வால்வைப் பிடித்துவிட்டது. அவர் செய்த எல்லாவற்றிலும் தவறியது அந்த ஒரு துணி. தினமும் டீசல் விட்டு மரக்கட்டையால் தட்டித் தட்டி அதையும் எடுத்தோம்.

என்ஜின் சுற்றுகிறது. இனி ஓட்டலாமா? பொறுங்கள்! ஓடத் தெரிந்த காருக்கு நிற்கத் தெரிய வேண்டாமா?

பிறேக்கைப் பாருங்கள். இந்தக் காரில் பிறேக்கின் தலைமைச் சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே. விரிப்பைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 26 வருட ஈரம் அதற்குள் இருந்தது. நான்கு சில்லுகளின் சிலிண்டர்களிலும் றப்பர் களியாகி, பிஸ்டன்கள் உறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். முன் சில்லைத் தாங்கும் திருகு முட்டு ஒன்று இந்தக் காருக்கு உண்டு. கிறீஸ் போடாமல் ஓட்டினால் அதன் மரை தேய்ந்து ஒருநாள் கழன்று, முன் சில்லு கோழிக் கால் மாதிரி மடங்கும். உலகம் முழுவதும் மொறிஸ் மைனர்க்காரர் பயப்படுவது இதற்குத்தான். கிறீஸ் துப்பாக்கியைச் சோம்பல்படாமல் தூக்குகிறவனுக்கு இந்தக் கார் நூறு வருடம் ஓடும்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் குலுக்கினால் சலங்கை மாதிரிச் சத்தம். உள்ளே கறள் செதில்கள். சிறு கற்களைப் போட்டு, வாயை அடைத்து, சாக்கில் சுற்றி, இரண்டு பொடியன்களைப் பிடித்து முற்றம் முழுவதும் உருட்ட வைத்தோம். கதவோரத்துத் தம்பிமாருக்கு இந்த இடத்தில் ஒரு சொல். பெற்றோல் தாங்கியில் ஓட்டையைக் கண்டால் நேரே வெல்டிங் கோலோடு போகாதீர்கள். பெற்றோல் போனாலும் ஆவி போகாது. வெறும் தாங்கிதான் வெடிக்கும். நான் பார்த்திருக்கிறேன், அந்த ஆளையும் பார்த்திருக்கிறேன்.

இனி நான் பிழைவிட்ட கதை. நல்ல மனிதர் என்றால் இதை மறைத்திருக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் பற்றரியின் மறை முனையை உடம்போடு பூட்டுகிறோம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் நேர் முனைதான் உடம்புக்கு. எனக்கு இது தெரியாதா? தெரியும். வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. சுவிச்சைப் போட்டேன். பெற்றோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று அடித்தது. இந்தக் காரின் பம்ப் மின்சாரத்தில் அடிக்கிறது. காபரேற்றர் நிறைந்ததும் டிக் சத்தம் தளர்ந்து நிற்கும். நின்றால் எல்லாம் சரி. நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. அது நின்றது. இழுத்தேன். பிடித்தது! மகன் கத்தினார், பக்கத்து வீடு திரண்டது, நான் கண்ணைத் துடைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு மணம். ரெகுலேற்றருக்குள் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, வயர் புகைந்தது. டைனமோ ஒரு பக்கம், பற்றரி மறு பக்கம் தள்ளினால் வேறென்ன நடக்கும்? 26 வருடம் உப்புக் காற்றைத் தாங்கிய ரெகுலேற்றரை நான் இரண்டு நிமிடத்தில் கொன்றேன்.

அந்த நேரம் வந்து சேர்ந்தார் ஒரு அண்ணன். வயது எழுபதுக்கு மேல், மெக்கானிக். வன்னிப் பக்கம் இருந்தவர். 1990களில் அங்கே பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். அப்போது கார்கள் எப்படி ஓடின? மண்ணெண்ணெயில் ஓடின! ஒஸ்ரின் ஏ40 காரும் மொறிஸ் மைனரும் நோயாளியை ஏற்றின, பிணத்தை ஏற்றின, கலியாண மாப்பிள்ளையையும் ஏற்றின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து சேலைன் ரியூப், காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக. என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்துவதற்கு முன் மறுபடி நாலு சொட்டுப் பெற்றோல், அடுத்த முறை பிடிக்க வேண்டுமே! எங்கள் கடற்றொழிலாளருக்கு இது புதினமில்லை. மண்ணெண்ணெய் வெளியிணைப்பு மோட்டரை அவர்கள் தினமும் அப்படித்தான் இயக்குகிறார்கள். கடலில் இருந்த அறிவு தரைக்கு ஏறியது.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அண்ணன் சொன்னார்: "ஒயில் மட்டம் குறைஞ்சால் எல்லாரும் பயப்பிடுவினம். நாங்கள் மட்டம் கூடினால் பயந்தனாங்கள்." இந்த ஒரு வசனம் எந்தக் கைநூலில் இருக்கிறது? ஒக்ஸ்போர்ட்டில் காரைச் செய்தவனுக்கு இது தெரியுமா? அவர் ஒரு பழைய ரெகுலேற்றரைத் தேடி எடுத்து, முனைகளை அரத்தாளால் உரசி, டைனமோவின் முனைக்கு ஒரு கணம் மின்சாரத்தைத் தொட்டுத் திசை காட்டி, சரியாகப் பூட்டித் தந்தார். என்னைத் திட்டவில்லை. "சேர் படிச்ச ஆள், எனக்கு மறக்கப் படிப்பு இல்லை" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

"உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், சேர்?" என்று கேட்பீர்கள். இந்த நாடு கார்களைத் தூக்கி எறிய வசதியில்லாமல் பாதுகாத்த நாடு. 1970 முதல் 1977வரை இறக்குமதி இறுகிக் கிடந்தது, இருந்ததைத்தான் திருத்தினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. 2022இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றோமே, மறந்துவிட்டதா? இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டரை 1970களில் தொடங்கிய சார்ள்ஸ் வெயர், கார் என்பது தலைமுறைக்கு வைத்துத் திருத்தி ஓட்ட வேண்டிய பொருள் என்று எழுதினார். அவர் பிறகு பாகங்கள் செய்விக்க எந்த நாட்டைத் தேடி வந்தார்? இலங்கையைத்தான். தகடு தட்டும் கையும், திருத்தும் பழக்கமும் இங்கே சாகாமல் இருந்தன. கொழும்பிலும் தெற்கிலும் விசாரியுங்கள், கிடைக்கும். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்யலாம்.

ஒன்றை மட்டும் நான் மகனிடம் வற்புறுத்தினேன். புதுக் கார் மாதிரி மினுக்க வேண்டாம். வலது பக்கத்து மங்கிய பெயின்ற் அப்படியே இருக்கிறது. இருக்கை கிழிந்த இடத்தில் உம்மா தைத்த ஒட்டுத் துணியும் இருக்கிறது. வயரில் கட்டிய முடிச்சுகளும் இருக்கின்றன. வயரை மாற்றியபோது நூலைக் கழற்றிப் புது வயரில் கட்டினோம். அழகுக்காக இல்லை, அடுத்த மெக்கானிக்குக்கும் இலக்கம் தெரிய வேண்டுமே.

வாப்பா இப்போது புத்தளத்தில் இருந்து வந்து போகிறார். முதல் முறை காரைக் காட்டியபோது அவர் என்ஜினைப் பார்க்கவில்லை, பெயின்றைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், குனிந்து, சைலன்சர் வாய்க்குள் விரலைவிட்டுப் பார்த்தார். "துணி வைச்சனே?" என்றார். எலிக் கதையைச் சொன்னோம். "தகர மூடி போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

நேரம் போய்விட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. இன்றைக்குப் பற்றரி கொஞ்சம் இறக்கம், அதனால் ஹாண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெலமான இரண்டு பேர் வாருங்கள். வருகிறவர்கள் கவனியுங்கள். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் பெருவிரல் போய்விடும். கீழே தள்ளாமல் மேலே இழுங்கள். நான் உள்ளே ஏறிச் சுவிச்சைப் போடுகிறேன். டிக் சத்தம் நின்ற பிறகு கை காட்டுவேன், அப்போது இழுத்தால் போதும்.